இரண்டு இடம், ஒரு கழுத்து

எங்கள் மருத்துவக் கல்லூரி ஒரு காலத்தில் கடைகள் நிறைந்த ஒரு மால். மிசௌரியில் ஹாலர்டன் என்ற ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போனபிறகு யாரோ பணக்காரர்கள் சேர்ந்து அதை வாங்கி ஆஸ்டியோபதி கல்லூரி ஆக்கிவிட்டார்கள். செருப்புக்கடை இருந்த இடத்தில் உடற்கூறு படித்தோம். பழைய சினிமா தியேட்டரில் வகுப்பு நடக்கும். இருதய அடைப்பு பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை அடிக்கும்.

நாங்கள் சேர்ந்தபோது வகுப்பில் நூறு பேர். அடுத்த வருஷம் நூற்றைம்பது. அதற்கடுத்த வருஷம் கேட்கவே வேண்டாம், சாப்பாட்டுக் கூடத்தில் இடமில்லாமல் ஓடாத எஸ்கலேட்டரின் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்கள் டீன் டாக்டர் தர்லோ ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு புதுக் கிளையை அறிவிப்பார். ஆர்கன்ஸாவில் ஒன்று, ஓக்லஹோமாவில் ஒன்று. ரிப்பன் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் அவர் காரின் பின்சீட்டிலேயே கிடக்கும்.

கல்லூரிகள் பெருகின. படித்து முடித்தவர்கள் போய்ச் சேரவேண்டிய இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டதற்காக மட்டும் எங்கள் நாட்டில் யாரையும் தனியாக வைத்தியம் பார்க்க விடமாட்டார்கள். ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட் என்ற பெயரில் இன்னும் சில வருஷம் பயிற்சி எடுத்தாக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று நாங்கள் வரிசைப்படுத்திக் கொடுப்போம். எந்த மாணவர் வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளும் வரிசைப்படுத்திக் கொடுக்கும். நடுவில் ஒரு கம்ப்யூட்டர் கல்யாணத் தரகர் மாதிரி உட்கார்ந்து யாருக்கு யார் என்று பேசி முடிக்கும். முடிவு மார்ச்சில் வரும். பிடிக்கவில்லை என்று மோதிரத்தைக் கழற்றி எறிய முடியாது.

இதில் எங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. மற்றக் கல்லூரிக்காரர்கள் பெயருக்குப் பின்னால் எம்.டி. போடுவார்கள், இங்கே முதல் டாக்டர் பட்டமே அதுதான். எங்களுக்கு டி.ஓ., ஆஸ்டியோபதி டாக்டர் என்று அர்த்தம். அவர்கள் படிப்பதையெல்லாம் நாங்களும் படிக்கிறோம். அதற்கு மேல், எலும்பையும் தசையையும் கையாலேயே நீவிச் சரிசெய்கிற வித்தையும் கற்றுக்கொள்கிறோம். கூடுதலாகப் படித்தால் மரியாதை கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? "டி.ஓ.ன்னா நிஜ டாக்டரா, இல்ல டாக்டர் மாதிரியா?" என்று என் முடிதிருத்துபவர் கேட்டார், சவரக்கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு. மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் கில். இது என் கதை இல்லை, என்னோடு ஒரே வாடகை வீட்டில் இருந்த இரண்டு பேரின் கதை.

ஒடெஸ்ஸா க்ரான்ட்ஸ் நெப்ராஸ்காவில் பன்றிப்பண்ணை வைத்திருப்பவரின் மகள். நல்ல உயரம், அகலமான தோள், பிடித்தால் விடாத கை. எலும்பு அறுவை சிகிச்சையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று முதல் வருஷமே முடிவுகட்டியவள். "சுத்தியல், ரம்பம், ஆணி மூணையும் எடுத்தா யாரும் திட்டாத வைத்தியம் அது ஒண்ணுதான்" என்பாள். டோபின் ஃபேர்லி செயின்ட் லூயிஸ் நகரத்துப் பையன். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவன் பூசுகிற சென்ட் அவனுக்கு அரை நிமிடம் முன்னால் அறைக்குள் வரும், அவன் போனபிறகும் மதியம்வரை உட்கார்ந்திருக்கும். அவனுக்கும் எலும்புதான் வேண்டும். எனக்குக் குடும்ப மருத்துவம் போதும் என்பதால் நான் யாருக்கும் போட்டியில்லை. அதனாலேயே இரண்டு பேரும் அடுத்தவரைப் பற்றிப் புலம்ப என்னிடம்தான் வருவார்கள்.

கடைசி வருஷத்தில், சேர ஆசைப்படுகிற ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாதம் வேலை செய்து காட்டவேண்டும். பெண் பார்க்கப் போவது மாதிரிதான். ஒரே வித்தியாசம், பெண் ஒரு மாதம் முழுக்கச் சிரித்த முகமாகவே இருக்கவேண்டும். ஒடெஸ்ஸாவும் டோபினும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அக்டோபர் மாதத்துக்கு டன்லாக் ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். நானும் அங்கேதான், வேறு பிரிவில். விஷயம் எங்கள் சமையலறையில் வெளிப்பட்டது.

"டன்லாக்கா? நீயா? உனக்குச் சின்ன ஊரே ஆகாதேடா! அங்க உன் காப்பிக்குப் பாதாம் பால் கூடக் கிடைக்காது" என்றாள் ஒடெஸ்ஸா.

"எனக்கு ஊர் முக்கியமில்ல, எலும்புதான் முக்கியம்" என்றான் டோபின். "நீ ஏன் நெப்ராஸ்கா பக்கம் போகல? உங்க அப்பாகிட்ட இருக்கிற பன்னிங்களுக்கெல்லாம் கால் உடையாதா?"

"எங்க பன்னிங்க உன்னை மாதிரி வழுக்கி விழுறதில்ல."

டன்லாக்கில் எலும்புப் பிரிவில் வருஷத்துக்கு இரண்டே இடம். அதில் ஒன்று வெஸ்லி என்கிற எம்.டி. மாணவனுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனும் அந்த மாதம் அங்கே இருந்தான். அவன் யாரையும் காக்காய் பிடிக்கவில்லை. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடப்பான். அதைப் பார்த்தாலே இவர்கள் இரண்டு பேருக்கும் வயிறு எரியும். ஆக மிச்சம் ஒரு இடம்.

எலும்புப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹார்லன் விக்கரி. பெரிய உடம்பு, பெரிய மீசை, கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். ஆபரேஷன் இல்லாத நேரமெல்லாம் மீன்பிடிப்பதைப் பற்றியே பேசுவார். எங்கள் கைவைத்தியத்தைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நீங்க நல்லாப் படிச்ச பிள்ளைங்க, ஒத்துக்கிறேன். ஆனா அந்த நீவுற வேலை இருக்கே, அது எண்ணெய் இல்லாத எண்ணெய்த் தேய்ப்பு. என் வார்டுல வேண்டாம்."

"சரிங்க டாக்டர்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்று காரில் வீடு வரும்வரை சண்டை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் கூத்துதான். விக்கரி கதவருகே வந்தால் இரண்டு பேரும் பாய்ந்து திறப்பார்கள். இரட்டைக் கதவில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒற்றைக் கதவாக இருந்தால் ஒரே பிடியை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு, நடுவில் அவர் நுழைய வழியில்லாமல் நிற்பார்கள். ஒருமுறை அவர் வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டு வழியாகத் தன் அறைக்குப் போனார்.

டோபின் மீன் படம் போட்ட சட்டைகளாக வாங்கினான். மீனைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது தட்டில் வரும் என்பதுதான். ஒடெஸ்ஸா முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் உள்ளே வைத்து ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள், அவள் ஊர்ப் பலகாரம். விக்கரி நான்கு தின்றுவிட்டு, "யாரு செஞ்சது?" என்று கேட்க, வாயில் பாதி ரொட்டியோடு வெஸ்லி தலையாட்டிவிட்டான். கேள்வி காதில் விழவில்லை, ரொட்டி நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் தலையாட்டினேன் என்று பிறகு சொன்னான். ஒடெஸ்ஸா நம்பவில்லை.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்களின் மீன்பிடிப் போட்டி ஏரிக்கரையில் நடந்தது. சனிக்கிழமை மதியம், நல்ல வெயில், கரையோரம் மேசைகளில் சோளமும் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும். விக்கரியின் மனைவி லொரெட்டா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு மீனும் பிடிக்காது, ஏரியும் பிடிக்காது. முப்பது வருஷமாக வருகிறார்.

விக்கரி எல்லோரையும் நகரச் சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பின்னால் ஓங்கி வீசினார். கொக்கி ஏரிக்குப் போகவில்லை. பின்னாலிருந்த வில்லோ மரத்தில் மாட்டிக்கொண்டது. இவர் வீசிய வேகத்தில் உடம்பு முன்னால் போனது, கோல் பின்னால் இழுத்தது, தலை மட்டும் இடதுபக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது.

"ஹார்லன், இங்க ஏன் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?" என்றார் லொரெட்டா. அவர் நாற்காலி அந்த இடதுபக்கத்தில்தான் இருந்தது.

"நான் பார்க்கல" என்றார் விக்கரி. "கழுத்து திரும்ப மாட்டேங்குது."

"அப்ப வேணும்னு பார்க்கலையா? எனக்கென்னமோ ஆசையாப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு."

ஏரிக்கரையில் எலும்பு டாக்டர் மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். எக்ஸ்ரே இல்லாமல் அவர்களுக்கு எதுவும் ஓடவில்லை. பனிக்கட்டி வைக்கலாம் என்றார் ஒருவர். சூடு வைக்கலாம் என்றார் இன்னொருவர். வெஸ்லி போனை எடுத்துப் படம் பிடித்தான். லொரெட்டாதான் சத்தம் போட்டார்: "இங்க கழுத்து நீவத் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு இருக்கே! அதுங்களைக் கூப்பிடுங்களேன்!"

கூப்பிட வேண்டியதே இல்லை. ஒடெஸ்ஸா சாலடைத் தாண்டிக் குதித்து வந்தாள். டோபின் மேசைக்கு அடியில் புகுந்து வந்தான். விக்கரியை ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கை மரத்துப்போகிறதா, விரல் அசைகிறதா என்று ஒடெஸ்ஸா ஒழுங்காகக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் டோபின் தலையைப் பிடித்துவிட்டான்.

"நாலாவது எலும்பு" என்றான்.

"மூணாவதுடா. கையை எடு, காட்டுறேன்."

"நான்தான் முதல்ல தொட்டேன்."

"தொட்டா உன்னுதாயிடுமா? இது என்ன சோளக்கதிரா?"

"பிள்ளைங்களா" என்றார் விக்கரி தன் தோளைப் பார்த்துக்கொண்டே, "அது என் தலை."

லொரெட்டா ஒரு பாட்டில் மூடியைச் சுண்டிப்போட்டு டோபினுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தார். அவன் தலையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, "நான் இந்தப் பக்கம் லேசாத் தள்றேன், நீங்க எதிர்ப்பக்கம் லேசாத் தள்ளுங்க டாக்டர்" என்றான். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அதுதான், அதில் முரட்டுத்தனமே கிடையாது. ஆனால் விக்கரிக்கு லேசாக என்றால் என்னவென்று தெரியாது. காலையும் ஊன்றிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினார். 'டொக்' என்று ஒரு சத்தம்.

"விட்டுடுச்சு!" என்று டோபின் கையைத் தூக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

விட்டது நாற்காலியின் கால். விக்கரி சாலடின்மேல் சாய்ந்தார். கழுத்து அப்படியேதான் இருந்தது, காதில் மட்டும் உருளைக்கிழங்கு.

அடுத்து ஒடெஸ்ஸா. அவரைப் புல்லில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமாட்டில் மண்டிபோட்டு, பின்கழுத்துக்கடியில் விரல்களை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தாள். பிறக்கப்போகிற பன்றிக்குட்டிக்கு அவள் அப்படித்தான் காத்திருப்பாள் என்று பின்னால் சொன்னாள். மெதுமெதுவாகத் தசை இளகியது. தலை தானாக நடுவுக்கு வந்தது.

விக்கரி எழுந்து உட்கார்ந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடேயப்பா! முப்பது வருஷமா இதை நான்… டேய் வெஸ்லி, பார்த்தியாடா!" என்று சந்தோஷம் தாங்காமல் வலதுபக்கம் வெடுக்கென்று திரும்பினார்.

அங்கேயே பிடித்துக்கொண்டது.

யாரும் கைதட்டவில்லை. லொரெட்டா எழுந்துவந்து சுற்றிப் பார்த்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? மொதல்ல என் பக்கமாவது பார்த்துக்கிட்டிருந்தாரு. இப்போ கார்ல வீட்டுக்குப் போறவரைக்கும் வயல்ல மேயுற மாட்டைத்தான் பார்க்கப்போறாரு."

அப்படியேதான் ஆயிற்று. அவரால் ஓட்ட முடியாது என்பதால், எங்கள் நாட்டுக் கார்களில் இடதுபக்கம் இருக்கிற ஸ்டியரிங்கைப் பிடித்து லொரெட்டா ஓட்டினார், விக்கரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வலப்பக்க ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஹாலர்டன் திரும்பும்போது என் காரில் டோபின் சொன்னான்: "என்னால நாற்காலிதான் உடைஞ்சுது. உன்னால மனுஷனே உடைஞ்சுட்டாரு."

"அவராத்தான்டா திரும்பினாரு!"

"அதை இடம் கொடுக்கிற கமிட்டிகிட்ட சொல்லு."

அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. விக்கரியின் கழுத்து இன்னும் வலப்பக்கமே. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஜன்னலும் அதற்கு வெளியே கார் நிறுத்துமிடமும்தான் தெரியும். அலுவலகம் பார்க்கிற மேவிஸ் அக்கா ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பும்போது, "எங்க உட்கார்ந்தாலும் பரவாயில்ல கண்ணு, அவருக்கு நீ தெரியமாட்ட" என்று தைரியம் சொன்னார். வெஸ்லி வழக்கம்போல எதிரிலேயே உட்கார்ந்து அவர் காதிடம் பதில் சொல்லிவிட்டு வந்தான். டோபின் புத்திசாலி. மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு முக்கியமான நாள் என்பதால் சென்ட்டையும் தாராளமாகவே அடித்திருந்தான்.

அவனுக்குப் பின்னால்தான் ஒடெஸ்ஸா. உள்ளே நடந்ததை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் மாதம்தான் சொன்னாள். நாற்காலியை டோபின் எடுத்துப்போயிருந்ததால் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நின்றுகொண்டே பேசினாளாம்.

"உன்கிட்ட இருக்கிற பெரிய குறை என்ன?" என்று விக்கரி கேட்டார்.

"விட்டுக்கொடுக்க வராது டாக்டர். உங்க கழுத்தைப் பத்தி நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா? இன்னொரு தடவை விட்டீங்கன்னா…"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். டோபினின் வாசனை அந்த அறையில் இன்னும் இருந்தது. மூக்கு சுருங்கியது, மீசை நடுங்கியது. கட்டடமே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல். மேசையில் இருந்த பேனாக்கள் உருண்டன. தும்மிய வேகத்தில் விக்கரி நேராக மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல இடதுபக்கம் திரும்பினார். வலதுபக்கம் திரும்பினார். கூரையைப் பார்த்தார்.

"டாக்டர்! சரியாயிடுச்சு!"

"கத்தாதே" என்று விரலை வாயில் வைத்தார். எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "க்ரான்ட்ஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். இருபது வருஷமா வாராவாரம் ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத்துக்குப் போறேன். முந்தாநாள் முதல் தடவையா, 'நீங்க போய் ரெஸ்ட் எடுங்க டாக்டர்'னு அனுப்பிட்டாங்க. என்னை எதுவும் கேட்கல. கமிட்டில எதுலயும் போடல. போய் ஏரில உட்கார்ந்தேன். அந்த நிம்மதியை உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது."

"அதனால?"

"அதனால இந்தக் கழுத்து இன்னும் கொஞ்ச நாள் சரியாகாது."

ஒடெஸ்ஸா தலையாட்டினாள். வெளியே வந்தபோது மேவிஸ் அக்கா கேட்டார், "அது என்ன சத்தம்?" புத்தகம் விழுந்தது என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க விக்கரியின் கழுத்து டன்லாக்கில் ஓர் அதிசயமாக இருந்தது. ஆபரேஷன் அறைக்குள் போனால் அருமையாக வேலை செய்யும். கூட்டம் நடக்கிற அறையின் வாசலை மிதித்தால் பிடித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்து நாங்கள் டன்லாக் பக்கம் போவதை நிறுத்தியபின்னும் சேதி வந்துகொண்டேதான் இருந்தது. குளிர்தான் காரணம் என்றார்கள். மனஅழுத்தம் என்று ஒரு நிபுணர் கண்டுபிடித்து, கூட்டங்களைக் குறைக்கச் சொன்னார்.

மார்ச்சில் அந்த வாரம் வந்தது. கம்ப்யூட்டர் தரகர் இரண்டு தவணையாகத்தான் சேதி சொல்வார். திங்கட்கிழமை, உனக்கு இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும். எங்கே என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். திங்கட்கிழமை எங்கள் வீட்டில் மூன்று பேருக்குமே கிடைத்துவிட்டது என்று வந்தது. வகுப்பில் சிலருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் மீதமிருக்கிற இடங்களுக்காக அன்றைக்கே போனைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. என்னால் முடிந்தது காப்பி போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் வேறு விதமான நோய் தொடங்கியது. கிடைத்தது டன்லாக்தான் என்று ஒடெஸ்ஸாவுக்குச் சந்தேகமே இல்லை. டோபினுக்கும் சந்தேகமே இல்லை. வெஸ்லிக்கு ஒன்று போக மிச்சம் ஒன்றுதான் என்பதால், அடுத்தவர் தோற்றுவிட்டார் என்று இருவருக்குமே உறுதி. ஆகவே இருவரும் பெருந்தன்மையில் இறங்கிவிட்டார்கள். நான்கு வருஷச் சண்டையைத் தாங்கிய எனக்கு அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒடெஸ்ஸா அவனுக்காகச் செர்ரிப் பழம் வைத்த இனிப்பு ரொட்டி சுட்டாள். "சாப்பிடுடா. எங்க போனாலும் எலும்பு எலும்புதான்" என்று முதுகைத் தட்டினாள்.

அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "நீ ரொம்ப நல்லவ ஒடெஸ்ஸா. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்." சாயந்தரம் போய் அவளுக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிவந்தான். சாவு வீட்டுக்குக் கொடுக்கிற வகைப் பூ அது.

புதன்கிழமை அவன் வண்டியை அவள் கழுவினாள். வியாழக்கிழமை அவள் துணியை அவன் மடித்தான். ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் என்னிடம் வந்து, "பாவம்டா, மனசு உடைஞ்சிரும். வெள்ளிக்கிழமை நீ பக்கத்திலேயே இரு" என்று கெஞ்சினார்கள். இரண்டு பேருக்கும் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பழைய தியேட்டரில் எல்லோரும் கூடினோம். அம்மா அப்பாக்கள், பலூன்கள், அழுகிற குழந்தைகள். ஒடெஸ்ஸாவின் அப்பா பண்ணைத் தொப்பியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீன் மேடையேறி, டெக்ஸாஸில் இன்னொரு கிளை என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமையாவது சும்மா இருப்பார் என்று நினைத்தோம். பிறகு உறைகளைக் கொடுத்தார்கள்.

எனக்கு என் மூன்றாவது விருப்பம், டன்லாக்குக்கு அரைமணி தூரத்தில் ஒரு சிற்றூர். சந்தோஷம்தான். ஆனால் அதை அனுபவிக்க யார் விட்டார்கள்?

"டன்லாக்!" என்று ஒடெஸ்ஸா கத்தினாள்.

"டன்லாக்!" என்று டோபின் கத்தினான்.

இரண்டு பேரும் அடுத்தவரை ஆறுதல் சொல்லிக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு திரும்பியிருந்தார்கள். கை விரித்தபடியே நின்றது. டோபின் அவள் உறையைப் பிடுங்கிப் படித்தான். அவள் அவனுடையதைப் பிடுங்கினாள்.

"இது தப்பா அச்சாயிருக்கு" என்றான் டோபின்.

"வெஸ்லி எங்க போனான்?" என்றாள் ஒடெஸ்ஸா.

வெஸ்லி கலிபோர்னியாவில் கடற்கரையோரமாக ஓர் ஆஸ்பத்திரியை முதலில் எழுதியிருந்தானாம். அவர்களுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டே போய்விட்டான்.

ஒடெஸ்ஸாவின் போன் அடித்தது. விக்கரி. காரின் ஸ்பீக்கரில் பேசுகிறார் என்று இரைச்சலிலேயே தெரிந்தது. அவளும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாழ்த்துகள் க்ரான்ட்ஸ்! ஃபேர்லி பக்கத்துல இருக்கானா? அவனுக்கும் சொல்லு. ரெண்டு பேரையும் மேலேயேதான் வெச்சிருந்தேன். ஏன்னு தெரியுமா? வேலை தெரிஞ்சவங்க நிறையப் பேர் கிடைப்பாங்க. வாயைத் திறக்காம இருக்கிறவங்க கிடைக்கமாட்டாங்க."

ஒடெஸ்ஸா டோபினைப் பார்த்தாள். "உனக்கு என்னடா தெரியும்?"

"பெட்ரோல் பங்க்ல பார்த்தேன். நவம்பர்ல. டோனட் அலமாரிய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தாரு" என்றான் டோபின். "என்னைப் பார்த்ததும் ஒரு பெட்டி வாங்கிக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாரு. உனக்கு எப்பத் தெரியும்?"

"அக்டோபர்லேயே! உன் சென்ட்லதான்டா தும்மிச் சரியானாரு!"

"என் சென்ட்டா? அப்போ கழுத்தைச் சரிபண்ணது நானு!"

இதற்குள் போனில் வேறொரு குரல் கேட்டது. காரை ஓட்டிக்கொண்டிருந்த லொரெட்டா.

"ஏன் ஹார்லன், அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? அக்டோபர்லேயே சரியாயிடுச்சுன்னா?"

"லொரெட்டா, நீ ரோட்டைப் பாரு…"

"ரோட்டைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்! பனி கொட்டினப்பயும் நான்தானே ஓட்டினேன்! ஏரிக்கு நான்தானே கொண்டுபோய் விட்டேன், காத்துப் பட்டா தசை இளகும்னீங்களே! கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்க அக்கா வீட்டுல பாத்திரம் கழுவத் திரும்ப முடியலைன்னு சொன்னீங்களே, மனுஷா!"

கார் ஓரமாக நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது, மூடியது. "எறங்குங்க. இந்தப் பக்கம் வாங்க. இனிமே நீங்க ஓட்டுறீங்க" என்றார் லொரெட்டா. இணைப்பு அறுந்தது.

நாங்கள் மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தியேட்டர் நாற்காலிகளில் விழுந்தோம். ஒடெஸ்ஸாவின் அப்பா வந்து, "என்னம்மா, இடம் கிடைச்சுதா இல்லையா?" என்று கேட்டார். "கிடைச்சிருச்சுப்பா" என்றாள். "அப்ப இந்தப் பையன் ஏன் அழறான்?" என்று டோபினைக் காட்டினார். டோபின் உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தான். சிரிப்பிலா, ஒடெஸ்ஸாவோடு கழிக்கவேண்டிய ஐந்து வருஷப் பயிற்சியை நினைத்தா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஜூலையில் இருவரும் டன்லாக்கில் சேர்ந்தார்கள். விக்கரி இப்போதெல்லாம் எல்லாக் கூட்டத்துக்கும் போகிறார். லொரெட்டாவின் அக்கா நான்கு மாநிலம் தள்ளி வீடு மாறியபோது, போகவர முழுக்க விக்கரிதான் ஓட்டினார் என்று மேவிஸ் அக்கா சொன்னார். எலும்பு வார்டில் வாரம் ஒரு மதியம் கைவைத்தியமும் உண்டு. வெளியே பலகை ஏதும் வைக்கவில்லை. விக்கரியைக் கேட்டால், "அந்தப் பிள்ளைங்க ஏதோ பண்ணுதுங்க" என்பார்.

இரண்டு பேரும் இப்போது மூன்றாம் வருஷம். போன வாரம் என் ஊர் விவசாயி ஒருவர் டிராக்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்ள, டன்லாக்குக்கு அனுப்பினேன். இருவரும் சேர்ந்தே ஆணி வைத்தார்கள். மனிதர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டார். ஆபரேஷன் நடந்த அன்றே சாயந்தரம் எனக்கு அதே எக்ஸ்ரே இரண்டு முறை வந்தது, தனித்தனியாக. மேலே இருக்கிற ஆணி என்னுது, எவ்வளவு நேரா இருக்கு பாரு என்று அவள். கீழே இருக்கிறது என்னுது, மேலதைவிட நேரா இருக்கு என்று அவன். நான் ஸ்கேல் வைத்தே பார்த்தேன். இரண்டும் நேராகத்தான் இருந்தன. யாருக்கும் பதில் போடவில்லை.